அவசரம்: ஒரு வாலட்டில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு

கயல்:
அரசு அடையாளச் சான்றைச் சரிபார்க்கும் வெரிஃபையர் எழுதியிருக்கிறேன். நாளைக்கு டெமோ. எங்கள் சோதனை வாலட்டிலிருந்து (சான்றுகளை வைத்திருக்கும் செயலி) சான்று வந்தால் ஏற்கிறது. புது வாலட்டிலிருந்து வந்தால் ‘தெரியாத வடிவம்’ என்று தள்ளிவிடுகிறது. இரண்டுமே திறந்த தரநிலைதான். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, உதவுங்கள்.

முகில்:
சான்று எந்த வடிவம், எம்டாக்கா, எஸ்டி-ஜேடபிள்யூடியா? லைப்ரரி எந்தக் காலத்தது? லாக் எங்கே?

தணல்:
வழங்கியவரின் ரூட் சர்டிஃபிகேட் (அவர் கையொப்பத்தை நம்புவதற்கான மூலச் சான்றிதழ்) உங்கள் நம்பிக்கைப் பட்டியலில் இருக்காது. எனக்கு எப்போதும் அதுதான்.

ஆதிநிரல்:
தணல், அது கையொப்பம் பார்க்கும்போதுதானே தெரியும்? இங்கே அதற்கு முன்பே நிற்கிறது. கயல், விவரக்குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். நாங்களெல்லாம் அப்படித்தான் கற்றோம்.

கயல்:
எஸ்டி-ஜேடபிள்யூடி. சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். லைப்ரரி 2024 தொடக்கத்தில் எடுத்தது.

வேலன்:
எம்டாக்குக்கு மாறிவிடுங்கள். அதன் தரநிலையான ஐஎஸ்ஓ 18013-5 வெளிவந்தது 2021இல். ஆடாமல் அசையாமல் நிற்கிறது.

முகில்:
அது நேரில் காட்டுவதற்கு. ஐரோப்பிய வாலட்டில் இரண்டு வடிவமும் வேண்டும். பிறந்த தேதியைக் காட்டாமல் 18 வயது நிறைந்ததை மட்டும் காட்டுவது இரண்டிலும் முடியும்.

வேலன்:
வடிவமே இரண்டு என்றால் அப்புறம் எங்கே ஒன்றோடொன்று இயங்கும் தன்மை?

முகில்:
கேட்கும் முறை ஒன்றாக இருந்தால் போதும். வாலட்டிடம் சான்று கேட்கும் நெறிமுறையான ஓபன்ஐடி4விபி இரண்டையும் சுமக்கிறதே.

வேலன்:
வெரிஃபையர் எழுதுபவர் வடிவத்துக்கு ஒன்றாக, படித்துப் பிரிக்கும் இரண்டு பார்சர் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும். அந்தப் பாரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நிலா:
கயல், வாலட் அனுப்பும் டோக்கனில் (சான்று வரும் எழுத்துச் சரம்) முதல் புள்ளிக்கு முன்னால் இருக்கும் துண்டை மட்டும் பேஸ்64யூஆர்எல் டிகோட் செய்து, வடிவத்தின் பெயரைச் சொல்லும் ‘டைப்’ என்ன என்று பாருங்கள். பழைய வரைவுகளில் ‘விசி+எஸ்டி-ஜேடபிள்யூடி’. வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் தரநிலையிலும் அதே பெயர் இருந்ததால் மோதல் வந்து, 2024 இறுதியில் எஸ்டி-ஜேடபிள்யூடியை வகுக்கும் இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப் வரைவில் ‘டிசி+எஸ்டி-ஜேடபிள்யூடி’ என்று மாற்றினார்கள். உங்கள் லைப்ரரிக்குப் புதுப் பெயர் தெரியாது. மாற்றக் காலத்தில் இரண்டையும் ஏற்கச் சொல்லி அந்த வரைவிலேயே இருக்கிறது. கோரிக்கையில் நீங்கள் கேட்கும் வடிவப் பெயரையும் பாருங்கள். அது பழையதாக இருந்தால், சான்று கையில் இருந்தும் ‘பொருந்துவது எதுவும் இல்லை’ என்று சில வாலட்டுகள் சொல்லிவிடும்.

கயல்:
டைப்தான்! ஒரே எழுத்து. பச்சை வந்துவிட்டது. நன்றி நிலா.

நிலா:
சரி, பழைய பெயரையும் சேர்த்து ஏற்கிறீர்களா, எடுத்துவிட்டீர்களா? ஏற்கெனவே சான்று வாங்கியவர்கள் வாசலில் நிற்பார்கள்.

வேலன்:
இதைத்தான் சொன்னேன். எம்டாக்கில் இந்தப் பெயர்ச் சண்டையே கிடையாது.