ஆதித்த சோழனின் மூத்த தேவி பற்றி நாவல்: கணவனைக் கொடுமைக்காரனாகக் காட்டத்தான் வேண்டுமா?

பொன்னைக்கரை:

காட்பாடிப் பக்கம்தான் எனக்கு ஊர். முதலாம் ஆதித்தனின் மூத்த தேவி இளங்கோன் பிச்சியை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிச்சியைக் கல்வெட்டு வல்லவரையர் மகள் என்கிறது. அந்த வல்லவரையரைக் கன்னட நாட்டை ஆண்ட இராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணன் என்று வரலாற்று ஆசிரியர்கள் கொள்கிறார்கள். அவள் பெற்ற பையனுக்குத் தாய்வழித் தாத்தா பெயரே வைத்திருக்கிறார்கள், கன்னரதேவன் (கன்னரன் என்றால் கிருஷ்ணன்தான்). ஆதித்தன் காளத்திக்குப் பக்கத்தில் தொண்டைமானாற்றூரில் இறந்துபோகிறான். 907இல் பட்டத்துக்கு வந்தவனோ கன்னரன் இல்லை, இன்னொரு தேவி பெற்ற பராந்தகன். பேரனுக்கு நாடு வாங்கித் தருகிறேன் என்று தாத்தா படையோடு கிளம்பி வந்து நம்ம திருவல்லத்தில் தோற்றுத் திரும்புகிறார்.

இந்தக் கல்யாணம் சந்தோஷமாக முடிந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. அதை எப்படிக் காட்டுவது என்பதில்தான் சிக்கல். எழுதிய வரைக்கும் படித்த நண்பர் ஒருவர், ஆதித்தன் இன்னும் முரடனாக இருக்கணும், அவளை அடிக்கிற மாதிரி ஒரு சீன் வை, அப்போதுதான் படிக்கிறவர்களுக்கு அவள் மேல் இரக்கம் வரும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காவிரியின் இரு கரையிலும் கோயில் எழுப்பியவன் என்று அன்பில் செப்பேடு சொல்கிற மனிதன் மேல் ஆதாரமே இல்லாமல் இப்படி ஒரு பழியைப் போடலாமா? அடி உதை இல்லாமல் அவள் துக்கத்தை வாசகருக்கு உறைக்கிற மாதிரி எழுத வழி உண்டா?

வாலாஜா வாசகி:

தம்பி, அடிக்கிற சீன் வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி நூறு கதை படித்தாகிவிட்டது, ராஜா குடித்துவிட்டு வருவான், ராணி தூணைப் பிடித்துக்கொண்டு அழுவாள், அவ்வளவுதான்.

துக்கத்துக்குக் காரணம் அந்தப் பையன் பெயரிலேயே இருக்கிறதே. சோழ வீட்டுப் பிள்ளைக்கு மாமனார் பெயரை வைக்கச் சம்மதித்தவன், அன்றைக்குப் பெண்டாட்டியிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பான் என்று யோசியுங்கள். அபராஜித பல்லவனை ஒழித்துத் தொண்டை மண்டலத்தைப் பிடிக்கிறவனுக்கு வடக்கே இராஷ்டிரகூடரோடு பகை இருக்கக் கூடாது. அதுவரைக்கும் மூத்த தேவிக்கு ராஜ மரியாதைதான். நிலம் கைக்கு வந்து நிலைத்த பிறகு மெல்ல மெல்ல எல்லாம் மாறட்டும். ஆதித்தன் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்த வேண்டாம். பையனைப் பற்றி அவள் பேச்செடுக்கும்போதெல்லாம் வேறு பேச்சுக்குப் போய்விடட்டும், போதும். மதிப்புக் குறைவதை வேலைக்காரர்கள்தான் முதலில் மோப்பம் பிடிப்பார்கள். கூப்பிட்டால் உடனே வந்து நின்றவள் கை வேலையை முடித்துவிட்டு வருவாள். எண்ணெய்க் கிண்ணம் பாதிதான் நிரம்பி வரும். புகுந்த வீட்டில் இதையெல்லாம் பார்த்த பெண்களுக்கு நீங்கள் விளக்கியே சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. பராந்தகனுக்குத்தான் பட்டம் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிகிற நேரத்தில் ஆதித்தன் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க ஆள் இல்லை. அவன் சமாதி மேல் எழும்பிய பள்ளிப்படைக் கோயிலையும் கட்டியது பராந்தகன்தான். அங்கே போய் அவள் கும்பிட வேண்டும். நான் எழுதினால் அந்த ஒரு அத்தியாயத்துக்குத்தான் ஆறு மாதம் உட்காருவேன்.

கல்வெட்டுப் பித்தன்:

அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் அவளை ஒன்றும் இல்லாதவளாக ஆக்கிவிடாதீர்கள். சோழர் கால தேவியர் கையில் சொந்தப் பொருள் இருந்தது, தங்கள் பெயரிலேயே கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிகிற கோயில் விளக்கு, என்றால் 90 ஆடு, சில ஊர்களில் 96. ஆட்டை ஏற்றுக்கொண்ட மன்றாடி (இடையர்) தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். மரியாதை குறைந்த காலத்திலும் அவள் பெயரில் ஒரு விளக்குக்கு நெய் வந்து அளந்துகொண்டே இருக்கும், இதைக் கதையில் வையுங்கள்.

அப்புறம், திருவல்லத்தை வெறும் போர்க்களமாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். அது வாணர்கள் என்ற சிற்றரசர் குலத்தின் ஊர், வாணபுரம். பழைய கல்வெட்டுகளில் தீக்காலிவல்லம் என்று வரும். வாணர்கள் கிருஷ்ணன் பக்கம் நின்றார்கள். கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதி பராந்தகன் பக்கம் நின்றான். பராந்தகன் வாணரை விரட்டிவிட்டு பிருதிவீபதிக்கே வாணாதிராஜன் என்ற பட்டத்தைக் கொடுத்ததைச் சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. பிச்சியின் மகனை நம்பி நின்றதில் ஒரு அரச குலமே ஊரை இழந்தது. அந்தப் பாரமும் அவள் மேல்தான் விழும்.

கிருஷ்ணனை மகளுக்காக உருகும் அப்பாவாக மட்டும் காட்ட வேண்டாம். அவனே சேதி நாட்டுக் கோக்கல்லனின் மருமகன். கீழைச் சாளுக்கியன் குணக விஜயாதித்தனிடம் அடி வாங்கியபோது சேதி நாட்டுப் பக்கம்தான் ஓடினான். சம்பந்தம் வைப்பதே ஆபத்துக்கு உதவத்தான் என்று வளர்ந்த குடும்பம் அது. அப்பா எனக்காக வந்தாரா, தென்னாட்டில் ஒரு காலை ஊன்ற வந்தாரா என்று அவளே கேட்டுக்கொள்ளட்டும்.

பொன்னைக்கரை:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். வாணர் பக்கத்தை இவ்வளவு தூரம் நான் யோசிக்கவே இல்லை. இன்னும் ஒரு சந்தேகம்: பிறந்த வீட்டில் அவள் கன்னடம் பேசி வளர்ந்தவள். தஞ்சையில் அவளோடு அந்தப் பாஷை பேச யாரை வைப்பது? சீதனத்தோடு வந்த ஒரு தாதியை வைத்திருக்கிறேன், சீரியல் மாதிரி இருக்கிறது.

கல்வெட்டுப் பித்தன்:

தாதியை எடுத்துவிடுங்கள், உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது. வள்ளிமலைக்குப் போய்ப் பாருங்கள். முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, பாறையில் வரிசையாகச் சமணத் திருமேனிகளும் பக்கத்தில் கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. கங்க மன்னன் இராசமல்லன் 9ஆம் நூற்றாண்டில் எடுத்த சமணப் பள்ளி அது. பிச்சியின் தாத்தா அமோகவர்ஷன் சமணத்தை ஆதரித்தவன். காளத்திக்குப் போகிற வழியில் அவளை அங்கே ஒரு நாள் தங்கவையுங்கள். பல வருஷம் கழித்துத் தன் பாஷையைக் கேட்கிறாள், அதுவும் ஒரு துறவி வாயால். கணவன் வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்வாள்.

ஒரு எச்சரிக்கை: வேலூர் வட்டாரக் கல்வெட்டுகளில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று படித்துவிட்டு அவள் மகன் ஜெயித்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள். அவன் பின்னால் வந்த இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், 949இல் தக்கோலத்தில் பராந்தகன் மகன் இராசாதித்தன் இறந்த போருக்குப் பிறகு இங்கே ஆண்டவன்.

வாலாஜா வாசகி:

வள்ளிமலை சீனை எழுதியதும் இங்கே போடுங்கள் தம்பி. சமையலறைப் பக்கம் போனால் மிளகாயும் தக்காளியும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்தில் காரத்துக்கு மிளகுதான்.