கேரவனில் இரண்டாவது ஏசி: ஓட விட்டால் மின்சாரம் போகிறது

வண்டிக்காரன்: வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து வந்து செயின்ட் லூசியாவில் நிற்கிறோம். போன வாரம்தான் கேரவன் கூரையில் இரண்டாவது ஏசி பொருத்தினோம். ஓட விட்டால் மின்சாரம் போய்விடுகிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மாமியார் முறைக்கிறார். அவசரம்!

கடலோரம்: எது விழுகிறது தம்பி? மின்பாரம் மிஞ்சினால் விழும் பிரேக்கரா, மின்சாரம் கசிந்தால் விழும் எர்த் லீக்கேஜா? அங்கே பாயிண்டில் எத்தனை ஆம்பியர்?

கருவேப்பிலை: போட்டவுடனா, சற்றுப் பொறுத்தா? கெட்டிலும் ஓடுகிறதா?

மின்வித்தகர்: இதைக்கூட எழுதாமல் உதவி கேட்க வந்துவிடுகிறார்கள். 230 வோல்ட், 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட். ஏசிக்கு ஆறு ஆம்பியர் என்று வைத்தாலும் இரண்டுக்குப் பன்னிரண்டு. 2,000 வாட் கெட்டில் ஒன்பதை நெருங்கும். கூட்டல் தெரிந்தால் போதும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் வாங்குங்கள்.

கடலோரம்: அது கம்ப்ரசர் கிளம்பும் நொடியின் இழுப்பைத்தான் தணிக்கும் ஐயா. ஓடும்போது இழுப்பது குறையாது.

மலைக்காற்று: ஒயர் சுருளை முழுவதும் பிரித்தீர்களா? சுருட்டி வைத்தபடியே ஏசி ஓட்டி என் மச்சான் சுருளையே உருக்கிவிட்டான். டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போயிருந்தால் ஏசியே வேண்டாம்.

கருவேப்பிலை: டிசம்பரில் அங்கே மாலையானால் இடிமழை, சில நாள் ஆலங்கட்டியும். கூரை பொத்தலானால் நீங்கள் வந்து அடைப்பீர்களா?

மலைக்காற்று: செயின்ட் லூசியாவில் மட்டும் என்ன? இரவில் நீர்யானை தெருவிலேயே நடக்கிறது. கழிப்பறைக்குப் போக டார்ச்சோடு முருகனும் துணை வர வேண்டும்.

மின்வித்தகர்: சுற்றுலாப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்காரன்: மன்னிக்கவும், சிக்னல் இல்லை. விழுவது எர்த் லீக்கேஜ். புது ஏசியை மட்டும் போட்டாலும் இருபது நிமிடத்தில் விழுகிறது. பழையது தனியாக ஓடினால் தொல்லையில்லை. தேநீருக்குக் கேஸ் அடுப்புதான்.

கடலோரம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியானால் பாரம் காரணமில்லை. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அது விழும். இருபது நிமிடம் என்பது ஏசியில் நீர் கோத்து வடியத் தொடங்கும் நேரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்மூடியைக் கழற்றி, கூரையில் ஒயர் நுழையும் ஓட்டையைப் பாருங்கள். எவர் சொன்னாலும் எர்த் லீக்கேஜை ஒதுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். ஈரத்தில் உயிர் போகும்.

மின்வித்தகர்: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

வண்டிக்காரன்: அதேதான் அண்ணா. தகரத்தின் ஓரம் பட்டு ஒயரின் தோல் விரல்நக அளவு உரிந்திருக்கிறது, அதன்மேல் நீர்த்துளி. புது ஏசியைத் துண்டித்துவிட்டேன். நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். இன்றிரவு பழையது மட்டும். அது மாமியார் பக்கம் இருக்கிறது.