ஐஸ் ஆகருக்குத் தமிழ்ச்சொல்: ‘தமர்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐஸ் ஆகருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே மூன்று நாளாக நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பட்டறையில் வேலை நெருக்கடி, அதனால் எழுத முடியவில்லை. உறைந்துபோன ஏரியின் மேல் நின்று, பேட்டரி ட்ரில்லில் ஒரு பெரிய சுருளை மாட்டி, பனிக்கட்டியைத் துளைத்து, அந்தத் துளை வழியாகத் தூண்டில் போடுகிறார்கள் அல்லவா, அந்தச் சுருள்தான் ஐஸ் ஆகர், அதற்கு இதுவரை பனித்துளைப்பான், பனித்துருவி, உறைபனித் திருகுதுளைக்கருவி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு ஒவ்வொரு குறை தெரிகிறது.

முதலில் துளைப்பான். ஆணியும் துளைக்கும், ஊசியும் துளைக்கும், ட்ரில்லும் துளைக்கும். நாம் பேசுவதோ ட்ரில்லில் மாட்டும் ஒரு பொருளைப் பற்றி. இரண்டுக்கும் துளைப்பான் என்றே பெயர் வைத்தால் “துளைப்பானைத் துளைப்பானில் பொருத்தவும்” என்று எழுத வேண்டி வரும், படிக்கிறவர் எதை எதில் மாட்டுவார்? துருவி என்று சொன்ன ஆசிரியை அம்மா நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார், அந்தக் கருவியின் அலகு பனிக்கட்டியைச் சீவத்தான் செய்கிறது. ஆனால் தேங்காய்த் துருவியில் துருவலைத் தள்ளி விடுவது நம் கைதான். இதில் சீவிய தூளைச் சுருளே மேலே ஏற்றிக் கொண்டுவந்து கொட்டுகிறது. கடப்பாரைக்கு இல்லாத வேலை இது, இதை விட்டுவிட்டு வைக்கும் பெயர் பாதிப் பெயர்தான். மூன்றாவது சொல் சரியான விளக்கம், சொல்லாக நிற்காது, அவ்வளவுதான்.

இதை நான் அகராதியைப் பார்த்துச் சொல்லவில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மரத்தைச் சுற்றி உரக்குழி போடவும் வேலிக்கால் நடவும் 18 வோல்ட் பேட்டரி ட்ரில்லில் 4 அங்குல மண் ஆகரை மாட்டி இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் செம்மண்ணில் ஒரு சாண் இறங்கினால் கல். போன ஐப்பசியில் சுருள் ஒரு கல்லில் சிக்கி நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை, சுருள் சுற்ற வேண்டிய சுற்றை ட்ரில் சுற்றிவிட்டது. பக்கக் கைப்பிடியைச் சோம்பலில் மாட்டாமல் விட்டிருந்தேன். வலது மணிக்கட்டில் பத்து நாள் கட்டுப் போட்டிருந்தேன். பனிக்கட்டியிலும் இதே கதைதான், அடி விளிம்பை உடைத்துக்கொண்டு வெளியேறும் நேரத்தில் அலகு சட்டென்று கவ்வும். அதனால் இந்தக் கருவியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் ‘பக்கக் கைப்பிடி’ என்ற சொல்லை முதல் வரியிலேயே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த விவாதம் தொடங்கிய அன்று ஐஸ் கம்பெனியில் ஒரு பார் வாங்கிவந்து, சாக்கை விரித்து, அதன் மேல் கிடத்தி, அதே மண் ஆகரை வைத்துப் பார்த்தேன். நடுமுனை மட்டும் இறங்கியது. அலகு பிடிக்கவே இல்லை, மேலே வழுக்கிக்கொண்டு சுற்றியது, மாவு மாதிரி கொஞ்சம் வெள்ளைத் தூள் வந்தது, பார் விரிசல் விட்டது. மண் ஆகரின் அலகு மழுங்கலாகத்தான் இருக்கும், கல்லையும் வேரையும் தாங்க அது அப்படித்தான் இருக்க வேண்டும். பனிக்கட்டிக்கானது சவரக்கத்தி போல, ஒரு தடவை மண்ணில் பட்டாலே கூர் போய்விடும். ஆகவே மண், பனிக்கட்டி என்று வரும் பெயரின் முன்பாதியை அலங்காரமாக நினைக்காதீர்கள், கடையில் எதை எடுப்பது என்று சொல்வதே அதுதான்.

சரி, பின்பாதிக்கு என்ன சொல்? ‘தமர்’ என்பதை முன்வைக்கிறேன். பழைய அகராதிகளில் தச்சர் மரத்தில் இடும் துளைக்கும், அந்தத் துளையை இடும் கருவிக்கும் தமர் என்ற பெயர் இருக்கிறது. மூன்றே எழுத்து. மண் தமர், பனிக்கட்டித் தமர், கையால் சுற்றுவது கைத்தமர் என்று ஒரு குடும்பமே கிடைக்கும். ‘சுருள்’ என்பதைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். வேண்டுமானால் முதல் முறை ‘சுருள் தமர்’ என்று எழுதிப் பழக்கிவிட்டு அப்புறம் தமர் என்றே விடலாம். (மண் தமரைப் புணர்ச்சி விதிப்படி சேர்த்து எழுதினால் சொல் அடையாளம் தெரியாமல் போகும், பிரித்தே எழுதுவோம்.) இலக்கியத்தில் தமர் என்றால் உறவினர் ஆயிற்றே என்று தருமபுரி நண்பர் கேட்டிருந்தார். அணை என்றால் கிருஷ்ணகிரி அணையும்தான், படுக்கும் மெத்தையும்தான், யாரும் குழம்பவில்லை.

ட்ரில்லுக்குத் துரப்பணம் இருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டுக் கதவுக்கு வேலை செய்த ஆசாரி துரப்பணத்தை ஒரு கையால் அழுத்திப் பிடிக்க, எதிரில் உட்கார்ந்த பையன் கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பான், மரத்தூள் துளையைச் சுற்றி வளையமாக விழும். கயிறு போய் மோட்டார் வந்தது, பெயர் மாற வேண்டியதில்லை. ஆனால் கார்ட்லெஸ் என்பதைத் தயவுசெய்து ‘கம்பியிலா’ என்று எழுதாதீர்கள், அது வானொலி வகைக்குப் போய்விட்ட சொல். பேட்டரித் துரப்பணம் என்றால் கடைக்காரருக்கும் புரியும், மாணவருக்கும் புரியும்.

பனி பற்றி: நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பனி என்றால் மார்கழி விடியலில் மாட்டுக்கொட்டகைக் கூரையில் சொட்டுவது. ‘பனித்தமர்’ கேட்க அழகாக இருக்கிறது, நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்தேன், பிறகு அடித்துவிட்டேன். பனிக்கட்டித் தமர் நீளம்தான், பொருள் தவறாது. மீன்கடையில் எல்லோரும் சொல்வது போல ‘ஐஸ் தமர்’ என்று பேச்சில் சொன்னால் எனக்கு மறுப்பில்லை.

துரப்பணத்தையும் தமரையும் சேர்க்கும் அடாப்டருக்குப் ‘பொருத்தி’ போதும். அதற்கு மேல் இருக்கும் அகன்ற வட்டத் தட்டைச் சும்மா தட்டு என்று விடாதீர்கள். ட்ரில்லின் வாய் தளர்ந்து தமர் கழன்றால், தோட்டத்தில் அது குழியிலேயே நிற்கும், எடுத்துக்கொள்ளலாம். ஏரியில் நேராக அடிக்குப் போய்விடும். துளையை விட அகலமான அந்தத் தட்டுதான் அதை விளிம்பில் நிறுத்துகிறது, ஆகவே ‘தடுப்புத் தட்டு’.

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று எழுதிப் பார்த்தேன்:

“பேட்டரித் துரப்பணத்தை முதல் கியரில் வைக்கவும். வேகம் வேண்டாம், முறுக்குவிசைதான் வேண்டும். கிளட்ச் வளையத்தைத் துளைக்கும் குறிக்குத் திருப்பவும், இல்லையென்றால் கடகடவென்று நழுவும். 6 அங்குலத் தமரை விட 8 அங்குலத் தமர் ஏறத்தாழ 1.8 மடங்கு பனிக்கட்டியை வெட்டியாக வேண்டும், சிறிய துரப்பணத்துக்கு 6 அங்குலமே ஏற்றது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டில் வைத்திருக்கவும். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போட வேண்டாம். தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமாவது இல்லாத இடத்தில் கால் வைக்க வேண்டாம்.”

எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு எங்காவது நாக்கு இடறினால் அந்த வாக்கியத்தையே எடுத்துப் போட்டுச் சொல்லுங்கள்.

தருமபுரியில் யாருக்கு ஐஸ் ஆகர் வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓசூர் பட்டறைகளில் வெளிநாட்டு வரைபடம் பார்த்து வேலை செய்யும் பையன்களுக்கு வரைபடத்தில் உள்ள பொருள் எந்த நாட்டில் ஓடும் என்பது கணக்கில்லை, அதன் பாகங்களுக்குத் தமிழில் பெயர் தெரிந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு விளக்க முடியும். மண் தமரோ இப்போதே தோப்புக்குத் தோப்பு வந்துவிட்டது, எல்லோரும் ‘குழி போடுற மிஷின்’ என்கிறார்கள், அதன் சுருளுக்குத் தனிப்பெயர் இல்லாததால் உதிரி கேட்டுப் போனால் கடையில் கையால் சுற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, பனிக்கட்டியைச் சீவும் அந்த அலகுக்கு ‘சீவலகு’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. இதை இன்னும் யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் இருந்தால் இழைப்புளி அலகுக்கு அவர்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், அதை வைத்து முடிவு செய்வோம்.