கருவாட்டுக் களத்தைக் காவல் காக்கும் வாலாட்டி: இரண்டு ஐயங்கள்

கேள்வி: குளச்சல் ஆசிரியை

குளச்சலுக்கு அருகில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் ஊரில் பெண்கள் பழைய வலைகளை மணலில் விரித்து அவற்றின் மேல் நெத்திலியைப் பரப்பி உலர்த்துவார்கள். ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு வாலாட்டிக் குருவி காலைதோறும் அந்தக் களத்திற்கு வருகிறது. அது மீனைத் தொடுவதில்லை; மீனில் மொய்க்கும் ஈக்களையே பிடித்துத் தின்கிறது. இன்னொரு வாலாட்டி வந்து இறங்கினால் உடனே துரத்திவிடுகிறது. ஆனால் மீன்பாடு மிகுந்து களம் நிறைந்து கிடந்த சில நாட்களில் மட்டும் இரண்டும் சேர்ந்து இரை தேடியதை என் மாணவியர் குறித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு விளக்கம் உண்டா?

காகங்களும் இந்தக் குருவியும் மீனின் மேல் எச்சமிடுவதையும் பார்க்கிறோம். வெயிலில் காய்ந்தால் எல்லாக் கிருமியும் செத்துப்போகும் என்று களத்தில் உள்ள அக்காமார் சொல்கிறார்கள். இது எந்த அளவுக்குச் சரி? வகுப்பில் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

பதில் 1: நாகர்கோவில் விலங்கியல்

அம்மா, உங்கள் மாணவியர் குறித்து வைத்திருக்கும் அந்தச் சில நாட்கள்தாம் இதில் மிக அருமையான செய்தி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில், தேம்ஸ் ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் வாலாட்டிகளை நிக் டேவிஸும் அலஸ்டர் ஹூஸ்டனும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட கட்டுரையில் இதே நடத்தை பதிவாகியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு பறவையும் ஆற்றங்கரையில் ஒரு நீண்ட பகுதியைத் தனக்கென வைத்துக்கொண்டு, நீர் கரையில் ஒதுக்கும் பூச்சிகளைப் பொறுக்கியபடி அதைச் சுற்றி வருகிறது. ஒருமுறை பொறுக்கிய இடத்தில் மீண்டும் பூச்சிகள் சேர ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும் என்பதால், இடையில் வேறொரு பறவை நுழைந்தால் இருவருக்குமே வெறுங்கரைதான் மிஞ்சும். ஆகவே துரத்துகிறது. இரை பெருகிய நாளிலோ, இன்னொரு பறவையை உடன் இருக்கவிட்டு அதனோடு சேர்ந்தே எல்லையைக் காக்கிறது. இரை குறைந்ததும் அதை வெளியேற்றிவிடுகிறது.

காப்பதற்கு ஆகும் செலவைவிடக் காப்பதால் வரும் வரவு கூடினால்தான் எல்லை நிலைக்கும் என்ற இந்தக் கருத்தை 1964இல் பறவையியலாளர் ஜெரம் பிரவுன் முன்வைத்தார். 1975இல் கில், உல்ஃப் ஆகிய இருவரும் கென்யாவின் தேன்சிட்டுகளில் அந்தச் செலவை எண்ணிக்கையாகவே காட்டினார்கள்: ஓய்வுக்கு மணிக்கு 400 கலோரி, தேன் தேடுவதற்கு 1000, எல்லை காப்பதற்கு 3000. (இவை சிறிய கலோரிகள், உணவுப் பொட்டலத்தில் அச்சிடும் அலகு இதைப்போல் ஆயிரம் மடங்கு பெரியது.)

உங்கள் களத்தில் இரை மீன் அல்ல, ஈ. ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரு முழம் சதுரப் பரப்பில் உட்காரும் ஈக்களை எண்ணி, துரத்தல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பறவையைப் பிடித்துக் காலில் அடையாள வளையமிட அனுமதி வேண்டும். மாணவியர் அதில் இறங்க வேண்டாம்.

பதில் 2: மீன்பதனம் படித்தவன்

இரண்டாவது ஐயத்திற்கு நான் எழுதுகிறேன். அக்காமார் சொல்வது பாதி சரி. உலர்த்தல் முதலில் நுண்ணுயிரியின் வளர்ச்சியைத்தான் நிறுத்துகிறது. அதைக் கொல்வது வேறு செயல். பறவை எச்சத்தில் வரக்கூடிய சால்மொனெல்லா என்ற குடல்நோய் நுண்ணுயிரி பெருகுவதற்கு நீர்ச்செயல்பாடு (நுண்ணுயிரிக்குக் கிடைக்கும் நீரின் அளவுகோல், தூய நீருக்கு 1) 0.94 அளவில் வேண்டும். நன்றாக உப்பிட்டு உலர்த்திய கருவாட்டில் அது 0.75 வரை இறங்கிவிடுவதால் அந்த நுண்ணுயிரி பெருகாது. ஆனால் செத்தும் போகாமல், உலர்ந்த உணவில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ளவற்றைக் கொல்லும். எச்சத்தின் அடியிலும் மீனின் மடிப்புகளிலும் இருப்பவற்றை எட்டாது. உப்பில்லாமல் உலர்த்தும் நெத்திலியில், ஐப்பசி கார்த்திகை மழை வெயிலை மறைத்துவிட்டாலோ, இரவுப் பனியில் மீன் மீண்டும் ஈரம் கொண்டாலோ, நின்றுபோன வளர்ச்சி மறுபடி தொடங்க வழி உண்டு.

பழியை எல்லாம் பறவையின் மேல் போட்டுவிடவும் கூடாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நுண்ணுயிரி பெரும்பாலும் மனிதர் கையிலிருந்தே மீனுக்குப் போகிறது, 0.86 வரை தாங்கிப் பெருகும். அது சுரந்த நச்சு கொதிக்கும் குழம்பிலும் அழியாது. பிடித்த மீனை உலர்த்துவதற்கு முன் வெப்பத்தில் போட்டு வைத்தால் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை போன்ற நஞ்சேற்றம் தரும் வேதிப்பொருளும் அப்படியே. சால்மொனெல்லா நன்றாகக் கொதித்த குழம்பில் சாகும். ஆகவே எனக்குக் குழம்பைவிட, கருவாட்டை லேசாக வாட்டி இடிக்கும் சம்மந்தியை (துவையலை)ப் பற்றித்தான் கவலை.

தரையிலிருந்து உயர்த்திய தட்டி, அதன் மேல் காகம் புகாத வலை, மாலையில் மூடி வைத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் பெரும் பகுதி தீர்ந்துவிடும். பள்ளிக் கூடத்தில் சால்மொனெல்லாவை வளர்த்துப் பார்க்க முயல வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு அக்கா தம் பங்கு மீனை மட்டும் தட்டியில் உலர்த்திப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். வலையிட்ட தட்டியில் ஈக்கள் குறைந்தால், வாலாட்டி அந்தப் பக்கத்தைக் காப்பதை நிறுத்திவிடுமா?

பதில் 1: நாகர்கோவில் விலங்கியல்

செலவும் வரவும் பற்றிய கருத்து சரியானால் நிறுத்த வேண்டும். தட்டி போடுவதற்கு முன் 2 வாரமும் போட்ட பின் 2 வாரமும் எண்ணுங்கள். தட்டி இல்லாத பக்கத்தையும் அதே நேரத்தில் எண்ண மறந்துவிடாதீர்கள்.