மறு: ‘பாட் லைஃப்’ – ‘கலவைக்கெடு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தூண்டில் கோல் கட்டுவது பற்றி நான் எழுதிவரும் கையேட்டுக்காக ‘பாட் லைஃப்’ (கலந்த பசை கெட்டியாவதற்குள் நமக்குக் கிடைக்கும் நேரம்) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு, ‘கலவைக்கெடு’ எனலாமா என்றும் எழுதியிருந்தேன். ஒரு வாரத்தில் பதினொரு மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் அச்செடுத்து, நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கையேட்டின் வாக்கியங்களில் வைத்துப் படித்துப் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும் சொல், வாக்கியத்துக்குள் போனதும் காலை வாரிவிடுகிறது. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆனது.

பொருளை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். கோலின் உறுப்புகளை ஒட்டும் எப்பாக்சிப் பசை இரண்டு பாகமாக வரும். ஒன்றில் பிசின், இன்னொன்றில் இறுக்கி. தனித்தனியே இருக்கும்வரை மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. கலந்த நொடியில் வினை தொடங்கிவிடும், அதன் பிறகு நிறுத்த வழியில்லை. வினை நடக்க நடக்கச் சூடு பிறக்கும். அந்தச் சூடு வினையை இன்னும் முடுக்கிவிடும். கலந்தபோது இருந்த பாகுத்தன்மை இரண்டு மடங்காக எத்தனை நேரம் ஆகிறதோ, அதையே தயாரிப்பாளர்கள் பொதுவாக பாட் லைஃப் என்று குறிப்பிடுகிறார்கள். நீர்த்த வகைகளுக்கு நான்கு மடங்கு என்று கணக்கு வைப்பதுண்டு. முக்கியமான விஷயம், இந்த நேரம் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் வெப்பநிலைக்கும்தான் பொருந்தும். பெரும்பாலும் 100 கிராம், 25 டிகிரி செல்சியஸ்.

இந்தக் கடைசி வரி எனக்குக் கையால் புரிந்தது ஒரு ஜூன் மாத மதியத்தில். சென்னையில் எங்கள் மொட்டை மாடி அறை, மின்விசிறி மட்டும்தான். கொடுவா பிடிக்க ஏழடிக் கோல் ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தது. அவசரமே இல்லை என்று நினைத்து, ரீல் சீட்டுக்கும் (ரீலைப் பொருத்தும் பகுதி) தக்கையாலான கைப்பிடிக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டீ கப்பில் கலந்துவிட்டேன். ரீல் சீட்டை ஒட்டி, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் கப்பை எடுத்தால் அடிப்பக்கம் விரலைச் சுட்டது. குச்சியால் தூக்கினேன், பசை நூலாக நீண்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். தக்கைப் பிடியைக் கோலில் பூசிச் செருகினேன். குறித்த கோட்டுக்குக் கட்டைவிரல் அகலம் மிச்சமிருக்கும்போது நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கடைசியில் அந்தத் தக்கையைக் கத்தியால் செதுக்கித்தான் எடுத்தேன்.

வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. 35 டிகிரி அறையில் அந்த 30 நிமிடம் 15 நிமிடம்தான். அதையும் கப்பில் குவியலாக வைத்தால் இன்னும் குறையும். அதே பசையை அலுமினியத் தாளில் மெல்லப் பரப்பி வைத்திருந்தால் சூடு வெளியேறி, நேரம் நீண்டிருக்கும். இந்த உண்மையை மறைக்காத சொல்தான் எனக்கு வேண்டும்.

இப்போது உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ‘கலவை ஆயுள்’ என்றார்கள். இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் இதையொட்டிய சொல்லை நான் ஏற்கனவே ஒருமுறை பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், அம்மா. நண்பர்களுக்காக எழுதிய இரண்டு பக்கக் குறிப்பில் ‘பசையின் ஆயுள் 30 நிமிடம்’ என்று போட்டிருந்தேன். அதைப் படித்த தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணே, அரை மணி நேரம்தான் தாங்கும்னா, பாறை மீன் இழுக்கறப்ப ரீல் எப்படி நிக்கும்?” அவர் கேட்டதில் தவறே கிடையாது. ஆயுள் என்றால் ஒட்டியது எத்தனை நாள் உழைக்கும் என்றுதான் தமிழில் படும். பெட்டியைத் திறக்காமல் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்கும் அதே சொல்லைத்தான் தேடிப் போவோம். ஒரே சொல் மூன்று பொருளைச் சுமக்க முடியாது.

‘பாத்திர ஆயுள்’ என்பதைப் படித்தால் எவர்சில்வர் கடைதான் நினைவுக்கு வருகிறது. அதை விட்டுவிடுவோம்.

‘பயன்படு நேரம்’ நல்ல சொல். ஆனால் அதை இன்னொன்றுக்கு எடுத்துவைக்க நினைக்கிறேன். கோலில் பூசிய பிறகு ரீல் சீட்டைத் திருப்பி, நேர்படுத்த நமக்குக் கிடைக்கும் நேரம் வேறு. கப்பில் கலவை கெட்டியாகிற நேரம் வேறு. என் டீ கப் கதையில் கப்பில் இருந்த பசை கெட்டியான பிறகும், ரீல் சீட்டுக்குள் மெல்லிய படலமாக இருந்த பசை இன்னும் நகர்ந்து கொடுத்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் கையேட்டைப் படிப்பவர் என்னைப் போலவே மாட்டிக்கொள்வார். பூசிய பின் கிடைப்பதைக் ‘கைநேரம்’ என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

சரி, கலவைக்கெடு. இது நான் உட்கார்ந்து யோசித்த சொல் இல்லை. எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது கொத்தனார் சித்தாளிடம் சொன்னது: “அரை மணிதான் கெடு, அதுக்குள்ள அள்ளு.” சிமெண்டும் இதே இனம்தான், காய்வதால் கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுதி இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கொத்தனாரின் அரை மணிக் கெடு அந்த முதல் எண்ணோடு அப்படியே ஒத்துப்போகிறது.

கெடு என்ற சொல்லோடு வினைகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. கெடு வைக்கலாம், கெடு நெருங்கும், கெடு தாண்டும். கையேட்டு வாக்கியம் இப்படி வருகிறது: ‘ரீல் சீட்டுக்குக் குறைந்தது 40 நிமிடக் கெடுவுள்ள, குழைவான பசையைத் தேர்ந்தெடுங்கள். கெடு தாண்டிய கலவையைப் பூசாதீர்கள்.’ இதற்கு அடிக்குறிப்பே தேவையில்லை.

பொறியாளர் ஐயா எழுப்பிய ஐயம் நியாயமானது. கலவை ‘கெடுவது’ என்று படித்துவிட மாட்டார்களா என்று கேட்டிருந்தார். படித்தால் படிக்கட்டும் ஐயா. அந்த நேரத்துக்குப் பிறகு கலவை கெட்டுத்தான் போகிறது. மேற்பரப்பில் ஊறிப் பிடிக்கும் தன்மை போய்விடுகிறது, ஒட்டியது போலத் தெரிந்தாலும் பிடிப்பு இருக்காது.

‘ஐந்து நிமிட எப்பாக்சி’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல் தெளிவாக இல்லாததால் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஐந்து நிமிடத்தில் முழு பலம் வந்துவிடும் என்று வாங்குகிறார்கள். அந்த ஐந்து, கலவைக்கெடு. முழுதாக இறுக அதற்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பொதுவாக நிதான வகைகளைவிட ஈரத்தைக் குறைவாகவே தாங்கும். கடல் தண்ணீரில் நனைகிற கோலின் பிடிக்கு நான் அதைத் தொடமாட்டேன். வளையம் கட்டிய நூலின்மேல் பூசுவதற்கு வேண்டியது முற்றிலும் வேறு வகை: நீர்த்தது, தானே சமமாகப் பரவுவது, இறுகிய பிறகும் கோலோடு வளைந்து கொடுப்பது, கெடு நீண்டது. பூசிவிட்டுப் பல மணி நேரம் கோலை மெல்லச் சுழலவிட வேண்டும், இல்லாவிட்டால் பசை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். நுனி வளையத்துக்கோ எப்பாக்சியே வேண்டாம். சூட்டில் உருகும் குச்சிப் பசை போதும். நாளைக்கு வளையம் உடைந்தால் லேசாகச் சூடுகாட்டிக் கழற்றிவிடலாம்.

பசை முழுதாகக் கெட்டிப்படும் ‘கியூரிங்’ என்பதற்கு ஒருவர் ‘பதப்படுத்தல்’ என்றும் ஒருவர் ‘உலர்தல்’ என்றும் எழுதியிருந்தீர்கள். தோலையும் புகையிலையையும் பதப்படுத்துகிறோம், அது வேறு வேலை. உலர்தல் என்றால் ஏதோ ஆவியாகிப் போக வேண்டும். எப்பாக்சியில் அப்படி எதுவும் போவதில்லை. இறுகல் என்றே வைத்துக்கொள்வோம். இறுக்கி, இறுகல், இறுகு நேரம் எல்லாம் ஒரே வேரில் நிற்கும்.

பதம் என்ற சொல்லை மட்டும் விட மனம் வரவில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா கரண்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். நூல் போல் இழுபட்டால் கம்பிப் பதம். அன்று என் கப்பில் குச்சியோடு நீண்டு வந்ததும் அதுதான். கடிகாரத்தைவிட நம்பகமான அடையாளம் அது, ஏனென்றால் அறையின் சூட்டையும் குவியலின் அளவையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. கையேட்டில் இப்படி எழுதப்போகிறேன்: ‘கம்பிப்பதம் வந்தால் கெடு முடிந்தது.’

இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. ஈரக்காற்று அடிக்கும் மாதங்களில், இறுகிக்கொண்டிருக்கும் பசையின்மேல் மெழுகு போன்ற வெளுத்த படலம் வரும். இறுக்கியில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டாக்குவது. அதைத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த பூச்சு பூசினால் பிடிக்காது. சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்கிறோமே, அதே போல் ‘பசை பூத்தல்’ என்று எழுதியிருக்கிறேன். பூஞ்சை என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்ற கவலையும் இருக்கிறது. பெயின்ட் வேலையோ தரைப்பூச்சு வேலையோ செய்பவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால், அவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கோல் கட்டுபவன்