கூர்நோக்கு இல்லத்தில் டோக்கன் முறை: சண்டை ஏன் கூடுகிறது?

சயான்_கோமதி:
மும்பையில் ஒரு கூர்நோக்கு இல்லம், அதாவது வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைக்கும் இடம். 16, 17 வயதுப் பையன்கள். ஒழுங்காக இருந்தால் புள்ளி, தப்புக்குக் கழிவு. ஆனால் மதிய வகுப்பில் அடிதடி கூடிவிட்டது. சண்டை போடுபவனை வெளியே அனுப்புகிறார்கள். புள்ளி தீர்ந்தவனுக்கு வீட்டுக்குப் போன் கிடையாது. எங்கே பிசகுகிறது?

செம்பூர்_பாஸ்கர்:
மேடம், போனை இன்றைக்கே புள்ளிக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சாப்பாடு, வீட்டார் சந்திப்பு, விளையாட்டு எல்லாம் அவர்கள் உரிமை. கூடுதல் கேரம் நேரம், சனிக்கிழமைப் படத்தைத் தேர்ந்தெடுப்பது போன்றவற்றைப் புள்ளிக்குக் கொடுக்கலாம். கழிவும் வேண்டாம். காலை பத்து மணிக்கே பூஜ்யத்துக்கு வந்தவனிடம் அதற்குமேல் கழிக்க என்ன இருக்கிறது?

தாராவி_மீனா:
மதிய வகுப்பில் மட்டும் என்பதுதான் துப்பு. ஐந்து நாளைக்கு ‘முன்னால் நடந்தது’, ‘நடத்தை’, ‘பின்னால் நடந்தது’ என்று மூன்று பத்தியில் குறியுங்கள். ‘முரட்டுத்தனம்’ என்று எழுதக் கூடாது. ‘நாற்காலியை உதைத்தான்’ என்று எழுத வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: எழுத்துக்கூட்டத் தெரியாதவனை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்கிறார்கள், நோட்டை எறிகிறான், வெளியே அனுப்புகிறார்கள். வாசிப்பிலிருந்து தப்பித்தாயிற்று. நாளைக்கும் எறிவான்.

அதே விடுதலையை நல்ல வழியில் கொடுங்கள். ‘இடைவேளை வேண்டும்’ என்று ஓர் அட்டை கொடுங்கள். அதைக் காட்டினால் 3 நிமிட இடைவேளை. பாடத்தை அவன் நிலைக்கு இறக்கி, முதலில் இரண்டு வரி, தனியாக. அட்டைக்கு ஒரு வாத்தியார் சரி என்று இன்னொருவர் மறுத்தால் மறுபடி நோட்டுதான் பறக்கும். முதல் இரண்டு வாரம் ஒருமுறைகூட மறுக்காதீர்கள்.

மாட்டுங்கா_ரவி:
பாஸ்கர் சார், கழிவு எப்போதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. 1967இல் கான்சாஸ் மாநிலம் லாரன்ஸில் தவறான வழியில் போன பையன்களுக்காகத் தொடங்கிய அச்சீவ்மென்ட் பிளேஸ் இல்லத்திலும் அபராதம் இருந்தது. ஆனால் சில பையன்களோடு ஒரு தம்பதியே குடியிருந்தார்கள். இழந்ததைத் திரும்பச் சம்பாதிக்க நாள் முழுக்க வழி இருந்தது. நெரிசலான இல்லத்தில் அது நடக்காது. அச்சீவ்மென்ட் பிளேஸில் புள்ளியைத் தினக் கணக்கிலிருந்து வாரக் கணக்காக்கி, பிறகு புள்ளியே இல்லாமல் பழக்கினார்கள். நம் இல்லத்தில் விட்டுப்போவது அந்தப் படிதான். ஜாமீனில் வீடு போனால் டோக்கன் ஏது? அட்டைக்குப் பதில் வாயால் கேட்கும் பழக்கத்தை இங்கேயே கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு பையனுக்கும் தனியாகப் போடும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் எழுதி, நன்னடத்தை அலுவலருக்கும் அம்மா அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

பலனை அளக்க இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும். இருவர் குறிப்புகளின் ஒப்புமை 80 சதவீதத்துக்குக் கீழே போனால், எதைச் சண்டை என்று குறிப்பது என்ற வரையறையைத் திருத்துங்கள். புது முறையை முதலில் வகுப்பு, பிறகு சாப்பாட்டு வரிசை, கடைசியில் விளையாட்டு நேரம் எனத் தள்ளித்தள்ளித் தொடங்கினால், பலன் தருவதை நிறுத்திப் பார்க்காமலே மாற்றம் எதனால் என்று தெரியும். தாளில் பெயர் வேண்டாம், குறியீடு போடுங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது.