லெப்பர்ட் கெக்கோ வால் மெலிஞ்சுகிட்டே போகுது, எப்படித் தேத்துறது?

கேள்வி (நாகர்கோவில்):
வீட்டுல வளர்க்குற பல்லி, வளர்ந்த கெக்கோ. 52 கிராம் இருந்தது, இப்போ 34. வால் பென்சில் கனம்தான், இடுப்பெலும்பு துருத்திட்டுத் தெரியுது. தரையில ஆத்து மணல், மேல ஒரு குண்டு பல்பு. மீல்வார்ம் (மாவுப்புழு) மட்டும் குடுக்கேன், ரெண்டு தின்னுட்டு விட்டுருது. மழை தொடங்கினதுல இருந்துதான் இப்படி. சிரிஞ்சில ஊட்டலாமா?

பதில் 1 (மார்த்தாண்டம்):
இப்போ ஊட்டாதீங்க அண்ணே, முதல்ல சூட்டைச் சரி பண்ணுங்க. வயித்துக்கு அடியில சூடு இல்லன்னா தின்ன பூச்சி செரிக்காம குடல்லயே அழுகிரும், கக்கவும் செய்யும். நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் உண்டே, ராத்திரி கண்ணாடித் தொட்டி நல்லா குளிர்ந்துரும். தொட்டியில மூணுல ஒரு பங்குக்கு அடியில ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகுற விரிப்பு) வைங்க. அந்தத் தரை 31–33 டிகிரி, மறுபக்கம் 25 இருக்கணும். சூட்டை அளவுல நிறுத்துற தெர்மோஸ்டாட் கட்டாயம். அதோட சென்சார் மேட்டுக்கு நேர் மேல, தரையில ஒட்டியிருக்கணும். காத்துல தொங்கவிட்டா தரை எவ்வளவு கொதிக்குதுன்னு அதுக்குத் தெரியாது, கெக்கோவுக்கு வயிறு வெந்துரும்.

மணலை இன்னிக்கே அள்ளிருங்க. கால்சியம் குறைஞ்ச கெக்கோ மணலை நக்கும், குடல் அடைச்சுக்கிடும். டிஷ்யூ பேப்பர் விரிச்சா மலம் எப்படி இருக்குன்னும் தெரியும்.

பதில் 2 (தக்கலை):
அந்த மலத்தைக் காய விடாம சின்ன டப்பாவுல எடுத்து, ஊர்வன பாக்கத் தெரிஞ்ச கால்நடை மருத்துவர்கிட்ட குடுங்க. குடல்புழு, காக்சிடியாங்கிற குடல் ஒட்டுண்ணி இருந்தா மருந்து உண்டு. நாய்க்குக் குடுக்கிற புழு மாத்திரையை உடைச்சு நீங்களா குடுத்திராதீங்க, 34 கிராம் உடம்புக்கு அளவு தப்பினா தாங்காது. தின்னும் மெலிஞ்சா கிரிப்டோஸ்போரிடியம்ங்கிற ஒட்டுண்ணியைச் சந்தேகப்படணும். சாதாரண மலப் பரிசோதனையில அது தப்பிரும், பிசிஆர் (கிருமியோட மரபணுவைத் தேடுற சோதனை) கேளுங்க. ப்ளீச்சுக்கும் அது லேசுல சாகாது. வேற பல்லி வளர்த்தா இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி. மத்த பல்லிகளைப் பாத்த பிறகு இந்தக் கெக்கோவைக் கடைசியா கவனிங்க.

பதில் 3 (குளச்சல்):
சூடு ஒரே அளவுல நிலைச்சு ரெண்டு நாள் கழிச்சு தீனி தொடங்குங்க. பொழுது சாஞ்சப்புறம் மூணு கிரிக்கெட் பூச்சி இல்லன்னா துபியா கரப்பான் குஞ்சு, ரெண்டு கண்ணுக்கு இடையில உள்ள அகலத்தைத் தாண்டாம. செரிச்சா மெல்லக் கூட்டுங்க. பூச்சிக்கு முந்தின நாளே முருங்கைக்கீரையும் கேரட்டும் போடணும். குடுக்கும்போது கால்சியம் பவுடர்ல புரட்டுங்க. மெழுகுப்புழு வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு போதும், ருசி கண்டா வேற எதையும் தொடாது. மிச்சமான கிரிக்கெட்டை ராத்திரி உள்ள விடாதீங்க, சீக்குள்ள கெக்கோவைக் கடிச்சுப் புண்ணாக்கிரும்.

வாழைத்தோப்புல வெட்டுக்கிளி பிடிச்சுப் போடுறது வேண்டவே வேண்டாம், மருந்தடிச்சிருப்பாங்க. மின்மினி ஒண்ணு தின்னாலே செத்துரலாம்.

நகைத்தராசு மாதிரி 0.1 கிராம் காட்டுறதுல வாரம் ஒருக்கா, தீனிக்கு முன்னால நிறுத்து எழுதி வைங்க. சூடு சரியான பிறகும் ஒரு வாரத்துல எடை இறங்கினா, சிரிஞ்சில ஊட்டணுமா, எவ்வளவுன்னு மருத்துவர்தான் சொல்லணும்.